கடுவன் நாயின் அடிவயிற்றையும் பாருங்கள்

கோவில்பட்டிப் பக்கம் நாய்க்குட்டி எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "கடுவனா, பொட்டையா?" என்பதுதான். கடுவன் என்றால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வந்து வாசலில் தெருநாய்க் கூட்டத்தைச் சேர்க்காது. குட்டி போட்டு, அவற்றுக்கு வீடு தேடி நம்மை அலையவிடாது. "கடுவனுக்கு என்ன, சோத்தப் போட்டா வாசல்ல கெடக்கும்" என்பார் என் மாமனார். சிப்பிப்பாறை நாய்களோடேயே வளர்ந்தவர் அவர்.

எங்கள் வீட்டில் இப்போது மூன்று கடுவன்கள். வேலன், சிப்பிப்பாறை. ஜிம்மி, வெள்ளைச் சடை நாய். ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்பார்கள், டாக்டர்கள் இந்தியன் ஸ்பிட்ஸ் என்பார்கள். மூன்றாவது, தெருவிலிருந்து தானாக வந்து சேர்ந்த கரியன். மூன்றுக்கும் மூன்று விதமான தொந்தரவு வந்தது. மூன்றும் இனப்பெருக்க உறுப்பைச் சேர்ந்தவை. நான் மருத்துவர் அல்ல, பள்ளியில் அறிவியல் எடுக்கிறவள். டாக்டர்களிடம் கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், கண்ணால் பார்த்ததும்தான் இங்கே எழுதுவது.

ஆண் நாய்களின் நோய் ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரியவருகிறது என்று யோசித்தால் எனக்குக் கிடைக்கும் பதில் கூச்சம்தான். நாய்க்குச் சோறு வைப்பது, குளிப்பாட்டுவது, உண்ணி எடுப்பது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். காது, கால் விரல் இடுக்கு வரை பார்ப்போம். அந்த இடத்தை மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கடந்துவிடுவோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது ஆண்கள். அவர்கள் நாயை அப்படித் தினமும் தொட்டுப் பார்ப்பதில்லை. டாக்டர் கேள்வி கேட்டால், "தெரியல சார், வீட்ல சொன்னாங்க" என்பார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நோய் மாதக்கணக்கில் வளர்கிறது.

கரியன் வந்தபோது ஆள் நன்றாகத்தான் இருந்தான். ஆனால் அவன் படுத்து எழுந்த இடத்தில் ரத்தச் சொட்டுகள் இருந்தன. எந்நேரமும் அடியை நக்கிக்கொண்டே இருப்பான். எதிர்வீட்டு அக்கா, "சூடு பிடிச்சிருக்கும், மோர் ஊத்து" என்றார்கள். மூத்திரத்தில் ரத்தம் வருகிறது என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் நினைத்தார்கள். கவனித்துப் பார்த்தால், அவன் காலைத் தூக்கிப் பெய்யும் மூத்திரம் மஞ்சளாகத்தான் இருந்தது. ரத்தம் மூத்திரத்தோடு வரவில்லை, சும்மா இருக்கும்போது சொட்டியது. இந்த வேறுபாட்டை டாக்டரிடம் சொன்னதுமே அவர் கையுறையை மாட்டிக்கொண்டு, குறியை மூடியிருக்கும் தோலுறையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார். குறியின் அடிப்பகுதியில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், சிவந்த, சொரசொரப்பான சதை வளர்ச்சி. தொட்டதும் உதிர்ந்து ரத்தம் கசிந்தது.

அது நாய்க்கு நாய் தொற்றும் ஒரு புற்றுக்கட்டி. வெனிரியல் டியூமர் என்பார்கள். இணை சேரும்போதும், ஒன்றையொன்று நக்கி முகரும்போதும் பரவுகிறது. தெருநாய்கள் கட்டுப்பாடில்லாமல் திரியும் நாடுகளில் எல்லாம் இது அதிகம். நம் ஊர் டாக்டர்களுக்கு இது அன்றாடம் பார்க்கிற கேஸ். இதில் எனக்கு வியப்பாக இருந்தது, இதைப் பரப்புவது வைரஸோ பாக்டீரியாவோ இல்லை என்பது. கட்டியின் உயிருள்ள செல்களே ஒரு நாயின் உடம்பிலிருந்து உதிர்ந்து இன்னொரு நாயின் உடம்பில் ஒட்டி வளர்கின்றன. நாயின் செல்லில் 78 குரோமோசோம்கள் இருக்கும். இந்தக் கட்டியின் செல்லில் பெரும்பாலும் 57 முதல் 64 வரைதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாய்க்கு வந்த புற்று, அந்த நாய் செத்து மண்ணான பிறகும் உலகம் முழுக்க மற்ற நாய்களின் மேல் வாழ்ந்துகொண்டிருக்கிறது. 1876இல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி, ஒரு நாயின் கட்டியை இன்னொரு நாய்க்கு ஒட்டி வளர்த்துக் காட்டினார். எல்லாக் கட்டிகளும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதை 2006இல் மரபணு ஆய்வு உறுதிசெய்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். அந்த வாரம் முழுக்க வேறு பாடம் நடத்த விடவில்லை.

கட்டியில் கண்ணாடிச் சில்லை ஒற்றி எடுத்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. மருந்து வின்கிரிஸ்டின் ஊசி. வாரத்துக்கு ஒன்றாக, பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம், சில நாய்களுக்குக் கூடுதலாகவும் தேவைப்படும். கத்தி வைத்து வெட்டி எடுத்தால் மட்டும் பல நேரம் திரும்ப வளர்ந்துவிடும். ஊசிக்குத்தான் நன்றாகக் கரைகிறது. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் நாயைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று டாக்டர் வருத்தப்பட்டார். புற்றுகளில் இவ்வளவு எளிதாகக் குணமாவது அபூர்வம்.

வின்கிரிஸ்டின் எடுப்பது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. நம் தென் மாவட்டங்களில் பயிராகவே போடுகிற செடி. இதைச் சொன்னதும் எங்கள் தெருவில் ஒருவர், "அப்ப இலையை அரைச்சுக் குடுத்துரலாமே" என்றார். கூடவே கூடாது. செடியில் மருந்து இருப்பது துளியிலும் துளி, கூட இருப்பவை நஞ்சு. ஊசி மருந்தே ரத்தக் குழாய்க்குள் மட்டும்தான் போக வேண்டும்; ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் அந்த இடத்துச் சதை அழுகிவிடும். அதனால் ஊசி போடும்போது நாய் அசையாமல் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் முன் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பார்கள். குறைந்திருந்தால் தள்ளிவைப்பார்கள். ஊசி போட்ட பிறகு சில நாட்கள் நாயின் மூத்திரம், மலம், வாந்தியைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அந்த வேலையை வேறு ஒருவர் செய்ய வேண்டும். கரியனுக்குச் சிகிச்சை நடந்த காலம் முழுக்க அவனைப் பின்கட்டில் தனியாகவே வைத்திருந்தோம். ஜிம்மிக்கு எதையும் முகர்ந்து நக்கும் பழக்கம். இந்தக் கட்டி மூக்கிலும் வரும். மூக்கில் ஒரு பக்கம் மட்டும் ரத்தம் ஒழுகி, முகம் வீங்கிய தெருநாயைப் பார்த்தால் அடிபட்டது என்றே முடிவு செய்துவிடாதீர்கள்.

இரண்டாவது ஊசியிலேயே சொட்டுவது நின்றுவிட்டது. அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்களாம். கட்டி கண்ணுக்கு முழுதாக மறைந்த பிறகுதான் டாக்டர் நிறுத்தச் சொல்வார். அதுவரை போக வேண்டும். குணமான பிறகு கரியனுக்குக் கருத்தடையும் செய்தோம். அடையாளமாக அவன் காதில் சின்ன வெட்டு இருக்கும். உங்கள் தெருவில் காது நுனி வெட்டப்பட்ட நாயைப் பார்த்தால், யாரோ கொடுமை செய்திருக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம், அது கருத்தடை முடிந்ததற்கான குறி.

இனி வேலன். அவனுக்கும் ரத்தச் சொட்டுதான். வயது ஏழைத் தாண்டியிருந்தது. கரியனைப் பார்த்த அனுபவத்தில் உறையைத் தள்ளிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அக்கம்பக்கத்தில் காட்டிய ஒரு கிளினிக்கில் மூத்திரத் தொற்று என்று மாத்திரை தந்தார்கள். குறைவது போல இருந்து, திரும்ப வந்தது. துப்பு கொடுத்தது அத்தை. காலையில் முற்றம் பெருக்குகிறவர்கள் அவர்கள்தான். "ஏம்மா, இவன் வெளிக்கிருக்குறதப் பாத்தியா? நாடா கணக்கா தட்டையால்ல போகுது? ரொம்ப நேரம் முக்குறான் வேற" என்றார்கள்.

திருநெல்வேலி ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது நான் முதலில் சொன்னது அத்தை சொன்ன அந்தத் தட்டை மலத்தைத்தான். அங்கிருந்த டாக்டரம்மா உடனே, "புராஸ்டேட்டா இருக்கும்மா" என்றார். ஆசனவாய் வழியாக விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தார், பிறகு ஸ்கேன். புராஸ்டேட் சுரப்பி இரண்டு பக்கமும் சமமாக வீங்கியிருந்தது.

வயதான ஆண்களுக்கு வருகிற அதே புராஸ்டேட் வீக்கம்தான், ஆனால் நாய்க்கு அது காட்டும் முகம் வேறு. மனிதர்களுக்கு மூத்திரம் போவது முதலில் சிரமப்படும். நாய்க்குச் சுரப்பி வெளிப்புறமாகப் பெருத்து மேலே இருக்கும் மலக்குடலை அழுத்தும். அதனால்தான் மலம் தட்டையாகிறது, முக்கல் வருகிறது. மூத்திரத்துக்குத் தொடர்பே இல்லாமல் ரத்தம் சொட்டுகிறது. பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து வாழைப்பழமும் விளக்கெண்ணெயும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். விதை நீக்காத ஆண் நாய்களில் ஐந்து வயதைத் தாண்டியவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இந்த வீக்கம் ஏதோ ஓர் அளவில் இருக்கும் என்கிறது மருத்துவம். எல்லாவற்றுக்கும் தொந்தரவு தெரிவதில்லை, அவ்வளவுதான். காரணம் விதைகள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன். சுரப்பி ஓயாமல் அதைக் குடித்து வளர்கிறது. விதைகளை எடுத்துவிட்டால் சில வாரங்களிலேயே சுரப்பி பாதியாகச் சுருங்கிவிடும்.

காய்ச்சலோ, இடுப்பில் தொட்டால் வலியோ, பின்னங்காலை விறைத்து நடப்பதோ இருந்தால் அது வெறும் வீக்கம் அல்ல, சுரப்பியில் கிருமித் தொற்று. அந்தச் சுரப்பிக்குள் மருந்து எளிதில் நுழைவதில்லை என்பதால் நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதேபோல், ஏற்கெனவே விதை நீக்கிய நாய்க்கு வயதான பிறகு புராஸ்டேட் பெரிதாகிறது என்றால் டாக்டர்கள் புற்று என்று சந்தேகிப்பார்கள். விதை நீக்குவது வீக்கத்தைத் தடுக்கும். புராஸ்டேட் புற்றைத் தடுக்காது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லி ஆபரேஷனுக்கு ஆள் சேர்ப்பவர்களை நம்ப வேண்டாம்.

வேலனுக்கு ஆபரேஷன் என்றதும் வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. "வேட்டை நாயி. காயடிச்சிட்டா வீரம் போயிரும், வெறுங்கூடா நிக்கும்" என்றார். ஆபரேஷனுக்குப் பதிலாக ஃபினாஸ்டெரைடு மாத்திரையும் இருக்கிறது. இனவிருத்திக்கு வைத்திருக்கும் நாய்களுக்கு அதைத் தருவார்கள். ஆனால் நிறுத்தினால் வீக்கம் திரும்பிவிடும். ஆண்கள் முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் அதே மருந்து என்பதால் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறவர்களும் உண்டு. டாக்டர் அளவு சொல்லாமல் தரக்கூடாது. கர்ப்பமாக இருக்கிறவர்கள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடவே கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளையானால் பாதிக்கும். வேலனை வைத்து இனவிருத்தி செய்யும் எண்ணம் எங்களுக்கு இல்லை. கடைசியில் மாமனாரைச் சம்மதிக்கவைத்தது, வேலன் ஒரு காலையில் முக்கி முடியாமல் கத்தியதுதான்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உடம்பில் கொழுப்பே இல்லாத, ஒல்லியான வேட்டை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய அதிக நேரமாகும். டாக்டருக்குத் தெரியும்தான், ஆனாலும் நாயின் இனத்தையும் அன்றைய எடையையும் நீங்களாகவே சொல்லுங்கள். மயக்கம் தெளியும்போது இந்த நாய்களுக்குக் குளிரும். போர்வை எடுத்துப் போங்கள்.

வீரம் போய்விட்டதா? காட்டுப் பக்கம் கூட்டிப் போனால் வேலன் இன்றும் முயலைக் கண்டு கயிற்றை இழுக்கிறான். ஓட்டம் குறையவில்லை. குறைந்தது, கண்ட தூணிலெல்லாம் மூத்திரம் பெய்வதும், எங்கோ ஒரு பொட்டை ஹீட்டுக்கு வந்தால் ராத்திரி முழுக்கக் கதவைப் பிராண்டுவதும். புதியவர்களைக் கண்டு பயந்து உறுமும் குணம் அப்படியே இருக்கிறது. நாய் பயத்தால் கடிக்கிறதென்றால் ஆபரேஷன் அதை மாற்றாது. "கடிக்குது, அதான் காயடிக்கணும்" என்று வருகிறவர்களிடம் டாக்டர்கள் முதலில் இதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

ஜிம்மி கதை சின்னது. சென்னைக்கு மாறிப்போன உறவுக்காரர் விட்டுப்போன நாய். குளிப்பாட்டும்போது பார்த்தால் விதைப்பையில் ஒன்றுதான் இருந்தது. "ஒத்தை விதைதான், அதனால என்ன" என்று அவர்கள் போனில் சிரித்தார்கள். குட்டிக்கு எட்டு வார வயதுக்குள் இரண்டு விதைகளும் பையில் இறங்கியிருக்க வேண்டும். தடுப்பூசிக்குப் போகும்போதே டாக்டரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். ஆறு மாதம் வரை பொறுத்துப் பார்ப்பார்கள். அதற்குமேல் இறங்காது. ஊசி போட்டு இறக்கிவிடலாம் என்று சொல்கிறவர்களை நான் கண்ட டாக்டர்கள் யாரும் ஆதரிக்கவில்லை.

இறங்காத விதை எங்கேயும் போய்விடவில்லை. வயிற்றுக்குள்ளோ தொடை இடுக்கிலோ இருக்கிறது. அங்கே உடம்புச் சூடு அதிகம் என்பதால் விந்தணு உருவாகாது, ஆனால் ஹார்மோன் சுரக்கும். அந்த விதையில் கட்டி வரும் வாய்ப்பு இயல்பான விதையைவிடச் சுமார் பத்து மடங்கு என்பார்கள். சில கட்டிகள் பெண் ஹார்மோனைச் சுரக்கும். அப்போது ஆண் நாய்க்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டும், முலைக்காம்பு பெருக்கும், மற்ற ஆண் நாய்கள் பின்னால் சுற்றும். தோல் நோய் என்று ஷாம்பு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே எலும்பு மஜ்ஜை வரை பாதித்து ரத்த அணுக்கள் குறைந்துகொண்டிருக்கும். வயிற்றுக்குள் இருக்கும் விதை முறுக்கிக்கொண்டு திடீர் வயிற்றுவலி வருவதும் உண்டு. ஜிம்மிக்கு ஸ்கேன் பார்த்து, உள்ளே இருந்ததையும் வெளியே இருந்ததையும் சேர்த்தே எடுத்தார்கள். வெளியே உள்ளதை மட்டும் எடுத்துவிட்டு விட்டால் ஆபத்தான பாதி உள்ளேயே தங்கிவிடும். எடுத்தபோது இரண்டையும் கண்ணால் பார்த்தீர்களா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை.

ஒத்தை விதை நாய்க்கும் குட்டி பிறக்கும். பரம்பரையாக வரும் குறை அது. அதனால் அதை இனவிருத்திக்கு விடக்கூடாது. விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். வாங்கும்போது நீங்களே தொட்டுப் பாருங்கள்.

பயப்படத் தேவையில்லாதவையும் இருக்கின்றன. உறையின் நுனியில் மஞ்சளும் பச்சையுமாகக் கொஞ்சம் கசிவது ஏறக்குறைய எல்லாக் கடுவனுக்கும் உண்டு; அளவு கூடினால், நாறினால், ரத்தம் கலந்தால், ஓயாமல் நக்கினால் மட்டும் காட்டுங்கள். இளவயது நாய் துள்ளி விளையாடும்போது குறியின் அடியில் இரண்டு உருண்டைகள் திடீரென்று புடைக்கும். என் தம்பி மகன் இதைப் பார்த்துவிட்டு, "அத்தை, ஜிம்மிக்குக் கட்டி வந்துருச்சு" என்று அழுதுகொண்டு ஓடிவந்தான். அது இயல்பான உறுப்பு, அடங்கினால் போய்விடும். இணை சேரும்போது நாய்கள் ஒட்டிக்கொண்டு நிற்பது அந்தப் பகுதி வீங்குவதால்தான். ஐந்து நிமிடத்திலிருந்து அரைமணிக்கு மேலும் அப்படி நிற்கும், பிறகு தானாகப் பிரியும். நம் தெருக்களில் கல்லெறிவதும் வெந்நீர் ஊற்றுவதும் இன்னும் நடக்கிறது. இழுத்துப் பிரித்தால் இரண்டு நாய்க்கும் உள்ளே கிழியும்.

வெளியே வந்த குறி உள்ளே திரும்பாமல் மாட்டிக்கொண்டால் அதுதான் அவசரம். சடை நாய்களுக்கு முடி சுற்றிக்கொண்டு இப்படி ஆகும். ஜிம்மிக்கு அந்த இடத்து முடியை நான் குட்டையாகவே வெட்டி வைக்கிறேன். குளிர்ந்த நீரில் சர்க்கரையைக் கெட்டியாகக் கரைத்து, சுத்தமான துணியில் நனைத்துச் சுற்றினால் சர்க்கரை நீரை இழுத்து வீக்கம் வடியும். முடி சுற்றியிருந்தால் அதை எடுத்துவிட்டு, நீர்த்தன்மையுள்ள ஜெல்லி தடவி மெதுவாக உறையை முன்னால் இழுத்துப் பார்க்கலாம். சீக்கிரம் உள்ளே போகவில்லை என்றாலோ, நிறம் கறுத்தாலோ, வேறு எதுவும் முயலாமல் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ரத்த ஓட்டம் நின்றால் உறுப்பையே இழக்க நேரிடும்.

இன்னொரு அவசரம், மூத்திர அடைப்பு. ஆண் நாயின் குறிக்குள் ஓர் எலும்பு இருக்கிறது. மூத்திரக் குழாய் அதை ஒட்டிப் போகும் இடத்தில் குறுகலானது. கல் இறங்கினால் அங்கேதான் மாட்டும். காலைத் தூக்கித் தூக்கி நிற்கிறான், சொட்டுத்தான் வருகிறது, வயிறு கல்லாக இருக்கிறது என்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். மேலே சொன்ன புராஸ்டேட் ரத்தத்துக்குச் சில நாள் அவகாசம் உண்டு, இதற்குக் கிடையாது.

நல்ல சாதி நாய் வைத்திருந்தால் சேர்க்கைக்குக் கேட்டு ஆள் வருவார்கள். ஒரு குட்டி தருகிறேன் என்பார்கள். வேலனுக்கும் வந்தார்கள், மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. நான் கேட்டது ஒன்றுதான்: "உங்க பொட்டைக்கு புரூசெல்லா டெஸ்ட் பாத்தாச்சா?" புரூசெல்லா கேனிஸ் என்ற கிருமி சேர்க்கையில் பரவும். பொட்டைக்குக் கரு கலையும். கடுவனுக்கு விதை வீங்கும், நாளடைவில் சுருங்கும், மலடாகும். தடுப்பூசி இல்லை, மருந்துக்கும் முழுதாக அடங்குவதில்லை, மனிதருக்கும் தொற்றும். இரண்டு பக்கமும் ரத்தப் பரிசோதனை செய்த பிறகே சேர்க்கை என்றால் வந்தவர்களில் பாதிப்பேர் திரும்பி வருவதில்லை. நல்லதுதான். கடும் காய்ச்சல் வந்து எழுந்த கடுவனையும் உடனே சேர்க்கைக்கு விட வேண்டாம். விந்தணு உருவாக இரண்டு மாதம் ஆகும், சூடு அதைக் கெடுக்கும்.

ஆபரேஷன் முடிவு செய்தால், எப்போது என்பதுதான் அடுத்த கேள்வி. சின்ன நாய்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு செய்யலாம் என்பார்கள். லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் போன்ற பெரிய நாய்களுக்கு எலும்பு வளர்ச்சி முடியும் வரை, ஒன்று முதல் ஒன்றரை வயது வரை பொறுக்கச் சொல்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் கோல்டன் ரிட்ரீவர்களை வைத்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுக்குள் விதை நீக்கிய ஆண் நாய்களுக்கு மூட்டுக் கோளாறு கூடுதலாக இருந்தது. விதையில் குறை இல்லாத, சுற்றுச்சுவருக்குள் வளரும், பொட்டையோடு பழக்கமில்லாத பெரிய நாயென்றால் அவசரப்பட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. தெருவில் சுற்றும் நாய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது, வாய்ப்புக் கிடைத்த அன்றே செய்துவிட வேண்டும்.

வெட்டு பொதுவாக விதைப்பைக்கு முன்னால் ஒரு சின்னக் கீறல். பை அப்படியே இருக்கும். முதல் சில நாட்கள் வீங்கி, விதை உள்ளேயே இருப்பது போலக்கூடத் தோன்றும். பை நிறைந்து கறுத்தாலோ, ரத்தம் கசிந்தாலோ மட்டும் திரும்பக் கூட்டிப் போங்கள். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பைப் பாவம் என்று கழற்றிவிடக்கூடாது. ஒரே ராத்திரியில் தையலை நக்கிப் பிரித்துவிடும். பத்துப் பதினான்கு நாள் குளியல் இல்லை, மாடிப்படி ஓட்டம் இல்லை. குழாயில் தங்கிய விந்தணு இருக்கும் என்பதால் ஒரு மாதம் ஹீட்டில் உள்ள பொட்டைப் பக்கம் விடக்கூடாது. அதற்கப்புறம் சோறு. உடம்புக்குத் தேவை குறையும், பசி கூடும். நாலில் ஒரு பங்கு குறைக்கச் சொன்னார்கள். ஜிம்மிக்கு நான் குறைத்ததை அத்தை மத்தியானம் தயிர்சாதமாக நிரப்பிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது, அவன் உருண்டையாக ஆன பிறகு.

டாக்டரிடம் போகும்போது கையில் சான்று இருந்தால் வேலை பாதியாகும். மலத்தைப் போனில் படம் எடுங்கள், முக்குவதை வீடியோ எடுங்கள். ரத்தம் மூத்திரத்தின் தொடக்கத்தில் வருகிறதா, முடிவிலா, அல்லது மூத்திரமே இல்லாதபோதா என்று பார்த்து வையுங்கள். படுக்கையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்தால் சொட்டு தெரியும். காலை முதல் மூத்திரத்தைப் பிடித்துச் சுத்தமான டப்பாவில் மூடி, தாமதிக்காமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கிட்டே போய் டப்பாவை நீட்டினால் கடுவன் காலை இறக்கிவிடும். நீளமான காம்புள்ள குழிக்கரண்டியை வெந்நீரில் கழுவி, பின்னாலிருந்து சத்தமில்லாமல் நீட்டினால் பிடித்துவிடலாம். அதற்கென்று தனிக் கரண்டி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் அடுப்படிக் கரண்டி ஒன்று அப்படிப் போய், அத்தை அதைத் திரும்ப உள்ளே விடவே இல்லை.